கப்பலுக்கு மூட்டை கட்டுதல்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால், காலையில் கடலூர் பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கி வேறொரு பஸ் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் கடற்கரைச் சாலையில் நின்று, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு, சற்றுத் தாமதமானாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதே புதுச்சேரியைப் பார்ப்பதற்காக ரயிலேறிச் சென்னைக்குப் போய், துறைமுகத்தில் பெட்டிகளை ஒப்படைத்து, பதினோரு தளங்கள் கொண்ட ஒரு கப்பலில் ஏறி, வடக்கே விசாகப்பட்டினம் வரையில் சென்று, மறுபடியும் தெற்கே திரும்பி வந்து, நகரத்துக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு, அங்கிருந்து சிறு படகில் கரை சேர்வது என்பது, காரியத்தைக் கருதும் எந்த மனிதனுக்கும் புத்தி பேதலித்த செயலாகவே தோன்றும். 2025 ஜூலை 4ஆம் தேதி கார்டிலியா கம்பெனியின் எம்பிரஸ் என்னும் உல்லாசக் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே வந்து நின்றபோது, அதன் மேல்தளத்திலிருந்து கரையை வேடிக்கை பார்த்தவர்களில் நானும் என் மனைவியும், நெய்வேலி டவுன்ஷிப்பில் வசிக்கும் என் மகளும் மருமகனும், மூன்று பிராயம் நிரம்பிய அவர்களுடைய பிள்ளையும் இருந்தோம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்மவர் பிரயாணம் என்பது ஏதேனும் ஒரு நிமித்தத்தைப் பற்றிக்கொண்டே நடப்பது. கல்யாணம், சாவு, கோயில், கோர்ட்டு, பிழைப்பு, வைத்தியம் ஆகிய இவற்றுள் ஒன்று இல்லாமல் ஒருவன் பெட்டியைக் கையில் எடுத்தால், எதிர்வீட்டுக்காரர் எங்கே பிரயாணம் என்று கேட்பதோடு நில்லாமல் என்ன விசேஷம் என்றும் கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்குத் திருப்தியான விடை சொல்ல இயலாதவன் ஊருக்குள் சிறிது சந்தேகத்துக்கு உரியவனாகிறான். உல்லாசக் கப்பலில் போகிறவனுக்கோ முதற் கேள்விக்கே விடை கிடையாது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்காரர் ஒருவர், எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டறிந்து, "ஏன் வாத்தியாரே, மெட்ராஸ்லேர்ந்து கெளம்பி மெட்ராஸுக்கே வர்றதுக்கு எதுக்குக் கப்பலு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சிரித்து மழுப்பினேன். அவரும் என்னை அதற்குமேல் சங்கடப்படுத்த விரும்பாதவராக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பிரயாணத்துக்கு மூட்டை கட்டிய வைபவம் நெய்வேலியில், மகளுடைய குவார்ட்டர்ஸில் நடந்தது. ஜாபிதாக்கள் இரண்டு தயாராயின. மகள் தன்னுடையதைக் கைபேசியில் எழுதினாள். என் மனைவி நாட்காட்டித் தாள்களைக் கிழித்து அவற்றின் பின்புறத்தில் எழுதினாள். மகளின் ஜாபிதாவில் டயப்பர், ஈரத் துடைப்பான், நீச்சல் உடை, வெயிலுக்குப் பூசும் களிம்பு, தெர்மாமீட்டர், காய்ச்சல் சிரப், வாந்தி மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மூக்கில் விடும் சொட்டுமருந்து என்று ஒரு சிறிய மருந்துக்கடையே அடங்கியிருந்தது. மனைவியின் ஜாபிதாவில் வசம்பு, ஓமம், சுக்கு, ஜாதிக்காய், எலுமிச்சம்பழம், விபூதி, கற்பூரம், பருப்புப் பொடி, வீட்டில் அரைத்த சத்துமாவு, ஒரு பாட்டில் நெய், இவற்றையெல்லாம் குழந்தைக்குப் பக்குவமாக்கிக் கொடுப்பதற்கு ஓர் எலெக்ட்ரிக் கெட்டில், அது பழுதானால் உதவுவதற்குக் கைக்கடக்கமான ஓர் எலெக்ட்ரிக் குக்கர் ஆகியவை இடம்பெற்றன. இந்த இரண்டுக்கும் நடுவே, எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பிரயாணச் சலுகையில் அந்தமானுக்குப் போய்வந்த அண்டைவீட்டார் வந்து, கப்பலில் துணி காயாது, ஆகையால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெட்டிகள் ஐந்தாயின.

உல்லாசக் கப்பல்களின் விதிகளைப் படித்துப் பார்த்தால், நம் வீட்டு மூட்டையில் பாதி அவற்றால் விலக்கப்பட்ட வஸ்து என்பது தெரியவரும். கெட்டிலும் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் ஆகா. ஊதுவத்தியும் கற்பூரமும் ஆகவே ஆகா. வீட்டில் சமைத்த பதார்த்தங்களும் பொதுவாகத் துறைமுகத்திலேயே தடுக்கப்படும். சிசுக்களுக்கான முத்திரை பிரிக்காத உணவுக்கு மட்டுமே பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆறு மாதம் நிரம்பாத சிசுக்களை அநேகக் கம்பெனிகள் ஏற்றுவதே இல்லை. இந்த நிர்ப்பந்தங்களைக் கேட்ட என் மனைவி, கோயிலில் ஏற்றுகிற கற்பூரம் கப்பலுக்கு மட்டும் எப்படி ஆகாத பொருளாயிற்று என்று வெகுநேரம் பொருமினாள். சுற்றிலும் நீர் சூழ்ந்திருக்கையில் நெருப்பைக் கண்டு ஏன் இவ்வளவு பீதி என்று கேட்பவர்களுக்கு நம் கடலிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னைக்கும் மலேயா, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல், கப்பலோட்டிய தமிழரின் பெயரைத் தாங்கியது, 1985 பிப்ரவரி 12 அன்று வங்காள விரிகுடாவில் தீப்பற்றியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைமுறை தலைமுறையாக நம் ஜனங்களைக் கீழ்த்திசைக்கு ஏற்றிச் சென்ற கப்பல் மார்க்கமும் அத்தோடு முடிந்தது. கற்பூரத்தை எடுத்து வைத்துவிடு என்று நான் சொன்னபோது, இந்த விருத்தாந்தத்தையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டாள்.

சாமான்களைக் காட்டிலும் கனமானவை சில அந்தப் பெட்டிகளில் ஏறியிருந்தன என்பதையும் நான் அறிவேன். எங்கள் ஜில்லாவுக்குக் கடல் அந்நியமானதல்ல. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துத் தெய்வங்களெல்லாம் தேவனாம்பட்டினத்துக் கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காணும்போது, குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலையில் கால் நனைத்துவிட்டு வருவது இங்கே வழக்கம். ஆனால் அதே தேவனாம்பட்டினத்துக்குள் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் புகுந்ததையும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததையும் கண்டவர்கள், கடலைத் தெய்வம் நீராடும் இடம் என்று மட்டும் நினைக்க முடிவதில்லை. மூன்று பிராயத்துப் பிள்ளை ஒன்றைக் கடலுக்குள் கொண்டுபோகிறோம் என்றவுடன், மேற்படி இரண்டு தேதிகளும் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே வசம்போடும் தெர்மாமீட்டரோடும் சேர்ந்து பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

பிள்ளையும் தன் பங்குக்கு மூட்டை கட்டினான். அவனுடைய முதுகுப் பையில் அவனே எடுத்து வைத்தவை: மஞ்சள் நிற மண் அள்ளும் பொம்மை வண்டி ஒன்று, சக்கரம் இல்லாதது, காலி மாத்திரை அட்டை ஒன்று, இடது கால் செருப்பு, எங்கள் வீட்டுத் திண்ணையில் காயப் போட்டிருந்த பலாக்கொட்டை ஒரு கைப்பிடி. பையைத் திறந்து பார்த்த மகள் செருப்பை எடுத்துவிட்டாள், மற்றவற்றை விட்டுவைத்தாள். ஐந்து பெட்டிகளிலும் இருந்தவற்றுள் பிரயாணம் முழுவதும் தினந்தோறும் உபயோகமானவை எவையென்று கணக்கெடுத்தால், அந்தப் பலாக்கொட்டைகளுக்கு மிக உயர்ந்த ஸ்தானம் கிடைக்கும். அறையின் ஜன்னல் ஓரத்தில் அவற்றை வரிசையாக அடுக்குவதும் கலைப்பதுமாகவே ஒரு முற்பகல் முழுவதும் கழிந்தது.

கடற்பிரயாணத்துக்கு மிகக் குறைந்த சாமானோடு புறப்பட்டவர் என்று எங்கள் பிரதேசத்தில் ஒருவரைச் சொல்லலாமென்றால் அவர் அப்பர் சுவாமிகள்தாம். பல்லவன் அவரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினான் என்றும், அவர் ஐந்தெழுத்தைத் தவிர வேறொன்றையும் துணைக்கொள்ளாமல் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு அருகே கரையேறினார் என்றும் புராணம் சொல்கிறது. அந்த இடம் இன்றைக்கும் கரையேறவிட்டகுப்பம் என்றே வழங்குகிறது. என் மனைவியிடம் இந்தத் திருஷ்டாந்தத்தைச் சொன்னேன். அவர் குழந்தையை அழைத்துக்கொண்டு போகவில்லையே என்றாள்.

குழந்தையை அழைத்துக்கொண்டு போனவர்களும் இருந்திருக்கிறார்கள். 1860களில் எங்கள் ஊரில் நிலையம் அமைத்த டேனிஷ் மிஷன் பாதிரிமார் ஐரோப்பாவிலிருந்து இங்கே வருவதற்கு, சூயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படும் வரையில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பாய்க்கப்பலில் கிடப்பதுதான் பொது வழி. நமக்கு அதைவிடச் சமீபமான உதாரணம் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற மார்க்கத்தில் 1973 வரையில் ஓடிய அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டால், தஞ்சாவூர், தென்னார்க்காடு ஜில்லாக் கடலோரத்துப் பெரியவர்களின் முகத்தில் இப்போதும் ஒரு சலனம் உண்டாகும். அது சுமார் 8,500 டன் அளவுள்ள கப்பல். கட்டிய காலத்தில் அதில் 5,000க்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அநுமதி இருந்தது. பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. நாங்கள் ஏறிய எம்பிரஸோ சுமார் 48,500 டன். அதில் ஏறக்கூடியவர்கள் 2,000 பேர்கூட இல்லை. விஸ்தீரணத்தில் இதற்கு ஆறில் ஒரு பங்குள்ள ஒன்றில், இதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட ஜனங்கள், பாயை விரித்த இடமே தங்கள் இடமாக, ஏறத்தாழ ஒரு வாரம் போயிருக்கிறார்கள் என்றால், அதில் குழந்தையோடு போன ஒரு தாயின் நிலையை நாம் சற்று நின்று சிந்திக்கத்தான் வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்ட மூதாட்டி ஒருவர், சிறு பிராயத்தில் தம் தாயாருடன் ரஜூலாவில் பினாங்குக்குப் போனவர், அதைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய சாமான் மொத்தம் ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, ஒரு தூக்கு, ஒரு ஊறுகாய் ஜாடி. அம்மை குத்திக்கொண்டதற்கான சான்று பெட்டியின் மேல்மூடியில் ஒட்டியிருந்த துணிப்பைக்குள் இருந்தது. அது இல்லாவிட்டால் அக்கரையில் தனிமை முகாமில்தான் இறக்குவார்கள். கடலோடிகளின் காவலராகக் கருதப்படும் நாகூர் ஆண்டவரின் தர்காவில் ஓதி வாங்கிய கயிறு குழந்தையின் மணிக்கட்டில் இருந்தது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வராது, தொலைவில் நிற்கும், படகில் போய், அலையில் ஏறி இறங்கும் அந்தப் படகிலிருந்து கப்பலின் ஏணிக்குத் தாவ வேண்டும். "உம்மா என்னெ இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு, ஒத்தக் கையால ஏணியப் புடிச்சாஹ" என்றார் அந்த மூதாட்டி. கப்பலில் ஏறிய பிறகு, தாயார் தம் சேலைத் தலைப்பின் ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பில் முடிந்து, மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டே ஒரு வாரமும் உறங்கி விழித்தாராம். அந்த முடிச்சின் தழும்பு இன்னும் இருப்பதைப் போலத் தம் இடுப்பை அவர் தடவிக் காட்டியது என் கண்ணிலேயே இருக்கிறது.

அந்தத் தாயாருக்குத் திரும்பி வருவோமா என்பது தெரியாது. எத்தனை வருஷம், எந்த வீடு, யார் முகத்தில் விழிப்பது என்ற எதுவும் நிச்சயமில்லாமல் ஒரு புதிய ஜீவனத்தை ஆரம்பிக்கப் போனவருக்கு ஒரு தகரப் பெட்டி போதுமாக இருந்தது. புறப்பட்ட துறைமுகத்துக்கே இன்ன தேதி, இன்ன நேரத்தில் திரும்பி வருவோம் என்று சீட்டிலேயே அச்சடித்து வாங்கிக்கொண்ட எங்களுக்கு ஐந்து பெட்டிகள் போதவில்லை. இந்த முரணை நான் பல நாட்கள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் எடுத்துப் போனது வாழ்க்கையைத் தொடங்குவதற்கு வேண்டிய சாமான். அதற்கு அதிகம் தேவைப்படாது, ஏனென்றால் மற்றவை போன இடத்தில் சேரும் என்ற நம்பிக்கையோடுதான் எவரும் புறப்படுகிறார்கள். நாங்கள் எடுத்துப் போனதோ, நெய்வேலியில் நடந்துகொண்டிருக்கும் வாழ்க்கை ஒரு வேளையும் தடைப்படாமல் கடலின் மீதும் நடப்பதற்கு வேண்டிய சாமான். அதே சத்துமாவு, அதே தலையணை, அதே நேரத்துக்கு அதே மருந்து. அதற்கு ஐந்து என்ன, ஐம்பது பெட்டிகளும் போதா. உல்லாசக் கப்பல் விற்கும் பண்டங்களில் மிக விலையுயர்ந்தது நீச்சல் குளமோ நாடக அரங்கமோ அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. திரும்பி வருவோம் என்ற நிச்சயத்தைத்தான் அது விற்கிறது. ரஜூலாவில் ஏறியவர்கள் பெற்றிராத ஒன்றை, ஏறக்குறைய நூறு வருஷங்களுக்குப் பிறகு, தவணை முறையில் நாம் வாங்குகிறோம்.

சென்னையில் ஏறியவுடன் எங்கள் பெட்டிகளுக்கு முன்னால் எங்களுக்கு வந்து சேர்ந்தது அபாய ஒத்திகை. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்னும் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறிய பிரயாணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. அதன் பின்னர், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதியாயிற்று. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அதுதான் அபாய சமிக்ஞை. பெரியவர்கள் இதைக் கேட்டு முகம் இறுகி நின்றார்கள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்தாள். குழந்தைக்கென்று கொடுக்கப்பட்ட ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை அணிந்துகொண்ட பேரனோ, கப்பல் பிரயாணத்தின் உத்தேசமே அதுதான் என்று முடிவு செய்தவனாய், அதைக் கழற்றச் சம்மதிக்காமல் இராப் போஜனத்துக்கும் அதோடுதான் வந்தான். ஏழையும் ஒன்றையும் சேர்த்து அவன் ஊதிய ஊதலைக் கேட்டு, பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் முதலில் திடுக்கிட்டுப் பிறகு சிரித்தார்கள்.

கப்பலில் அவனுக்கு மகா ஆச்சரியமாக இருந்தது லிஃப்ட். மேல்பட்டாம்பாக்கத்திலும் அது இல்லை, அவர்கள் குவார்ட்டர்ஸிலும் அது இல்லை. சமுத்திரம் நான்கு திக்கிலும் விரிந்து கிடக்க, அவன் தாத்தாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிஃப்டின் வாசலுக்கே போவான். பொத்தான்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். கதவு திறக்கும்தோறும் வேறொரு நிறக் கம்பளம், வேறு முகங்கள், வேறு வாசனை. கடலைக் காட்ட வேண்டுமென்று பணம் செலவழித்துக் கொண்டுவந்த பிள்ளை இரும்புக் கூண்டுக்குள் ஏறி இறங்குகிறதே என்று மருமகன் சிறிது மனம் வருந்தினார். எனக்கு வருத்தமில்லை. மூன்று பிராயத்தில் பெரியது என்பது வெகுதூரத்தில் இருப்பதல்ல. கைக்கு எட்டி, தொட்டவுடன் மாறுவதே பெரியது. நீச்சல் குளத்திலும் அவனை இறக்கினோம். டயப்பர் அணிந்த குழந்தைகளைக் குளத்தில் விடுவதில்லை என்பது கப்பல்களின் பொது விதி; பகலில் அவனுக்கு அந்தத் தேவை நீங்கிவிட்டதால் தப்பினான். விதி தெரியாமல் வந்து, விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டிருந்த சிசுக்களைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்னதாக அறிந்திருப்பது நலம்.

விசாகப்பட்டினத்தை விட்டுத் திரும்பிய இரவில் கச்சான் காற்று பலத்து, கப்பல் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. உட்செவியில் இருக்கும் சமநிலைக் கருவி உடம்பு ஆடுகிறது என்கிறது. அறையின் சுவரைப் பார்க்கும் கண்ணோ எதுவும் ஆடவில்லை என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளின் முரண்பாட்டைத் தீர்க்க இயலாமல் வயிறு புரட்டுகிறது என்று வைத்தியர்கள் விளக்குகிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட சிசுக்களுக்கு இந்த உபாதை அநேகமாக வருவதில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயது வரையில்தான் மிகுதி. எங்கள் பிள்ளை அந்த எல்லையைத் தாண்டியவன் ஆகையால், மகள் மருந்தும் கையுமாக விழித்திருந்தாள். அவன் தூங்கிவிட்டான். மனைவிதான் படுத்துவிட்டாள். மகளின் மருந்துகளை ஏற்க மறுத்து, தான் போராடிக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டு, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்திருந்தால் ஆட்டம் குறைவாக இருந்திருக்குமாமே என்று, யாரோ சொல்லிக் கேட்டதை அந்த நிலையிலும் எடுத்துக் கூறினாள். அது உண்மையும்கூட. ஜன்னல் வேண்டுமென்று மேல்தளத்தில் எடுத்தவர் மருமகன். அவர் அந்தப் பேச்சின்போது குளியலறையில் இருந்தார்.

மறுநாள் காலையில், எந்தப் பக்கமும் கரை தெரியாத வெளியில், பேரன் என்னிடம், "தாத்தா, இந்தக் கப்பலு எந்த ஊருக்குப் போவுது?" என்று கேட்டான்.

"எந்த ஊருக்கும் போவலடா. சுத்திட்டு நாம ஏறுன எடத்துக்கே வந்துடும்."

அவன் சற்று யோசித்துவிட்டு, "ராட்டினம் மாரியா?" என்றான்.

கரும்பு டிராக்டர்காரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை அது. ராட்டினத்தில் ஏறும் குழந்தையை எந்த ஊருக்குப் போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. ஏறிய இடத்திலேயே இறங்குவதால் அந்தக் காசு வீண் என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. பெரியவர்களான நாங்கள்தாம், விசாகப்பட்டினத்தில் இறங்கி என்ன பார்த்தோம், புதுச்சேரியில் இறங்கி என்ன பார்ப்போம் என்று, பிரயாணத்துக்கு ஒரு பிரயோஜனத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். இந்த மாதிரிக் கப்பலின் சுபாவத்தை முதன்முதலில் உள்ளபடி உணர்ந்தவன், எங்களுள் மிகக் குறைந்த மூட்டையோடு வந்தவனே. அவனுக்குக் கப்பல் ஒரு வாகனமாகவே தோன்றவில்லை. லிஃப்டும் ஊதலும் தயிர்சாதமும் ஜன்னலோரப் பலாக்கொட்டைகளும் உள்ள ஓர் ஊராகத் தோன்றிற்று.

புதுச்சேரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2022 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியபோது, சூதாட்டக் கூடம் உள்ள கப்பலை அநுமதிப்பதில்லை என்று புதுச்சேரி மறுத்துவிட்டது; மூன்று வருஷம் கழித்து வந்தபோதும் எதிர்ப்பு இல்லாமலில்லை. கடைத்தெருவெங்கும் மதுவை விற்கும் ஓர் ஊர், கடலில் நிற்கும் சீட்டு மேஜைக்கு அஞ்சுவது எனக்குச் சற்று விநோதமாகப் பட்டாலும், குழந்தைகளோடு போகும் கப்பலில் அந்தக் கூடம் இல்லாதிருப்பதே நல்லது என்பதுதான் என் கட்சியும். கரைக்குப் போவதற்குச் சிறு படகுகள் வந்து கப்பலின் விலாவை ஒட்டி நின்றன. கீழே எட்டிப் பார்த்த என் மனைவி, ஏறி இறங்கும் படகையும் இடுப்பில் இருந்த பேரனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புதுச்சேரிய நான் பஸ்ஸுல போயிப் பாத்துக்கறேன்" என்று சொல்லி, அறைக்குத் திரும்பிவிட்டாள். நாகப்பட்டினத்தில் ஒரு கையால் ஏணியைப் பிடித்த அந்தப் பரங்கிப்பேட்டைத் தாயாருக்கு அப்படித் திரும்பிக்கொள்ள ஓர் அறை இருக்கவில்லை.

கடற்பிரயாணம் நம் பக்கத்துக்கு மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. இடையில் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக இருந்தாலும், சில மணி நேரத்தில் அக்கரையில் இறக்கும் அந்தக் கப்பல், கட்டணத்தையும் கருதினால், உல்லாசக் கப்பலைக் காட்டிலும் நம் ஜனங்களுக்கு உகந்தது. அந்தமானுக்கு அரசாங்கக் கப்பல் நெடுங்காலமாக ஓடுகிறது. சிறு குழந்தையோடு முதன்முறையாகக் கடலேறுகிறவர்கள் இவற்றுள் குறுகியதில் தொடங்குவதே விவேகம் என்பேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களைத் தவிர்ப்பதும் விவேகம்.

எதில் போனாலும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள். பெரிய கப்பலென்றால், பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்; அவை அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகும். ஆகையால் இரண்டு மாற்றுத் துணி, அன்றைக்கு வேண்டிய மருந்து, குடிக்கும் குவளை, குழந்தை தானே எடுத்து வைத்த சாமான், இந்த நான்கையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.